ஒற்றைப்படைப் பிளேட்டுகள்

1941 ஆவணி மாதம் மதுரை கிராமபோன் கடைக்காரர் எனக்கு எழுதிய கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. "தாங்கள் கேட்டிருக்கும் நாடக செட்டில் 2, 4, 6 ஆகிய பிளேட்டுகளை மட்டும் தனியே அனுப்ப இயலாது. செட்டாகவே விற்பது வழக்கம். அந்தச் செட்டும் தற்சமயம் வருவதில்லை. ஒன்று விட்டு ஒன்றாக எப்படித் தவறிப்போயின என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை."

கடைசி வாக்கியம் வியாபாரத்துக்குத் தேவையில்லாதது. கடையில் இருந்தவர்கள் கூடிச் சிரித்துவிட்டு அதை எழுதியிருப்பார்கள் என்று அப்போதே நினைத்தேன். அந்தக் கார்டுக்கு நான் பதில் எழுதவில்லை. பதில் இதுதான்: அவை தவறிப்போகவில்லை. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், என்னுடன் பிறந்த அண்ணனிடம் இருந்தன.

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் முதன்முதலில் கிராமபோன் வாங்கியது நாங்கள்தான். 1935இல், இரண்டாம் போகம் நன்றாக விளைந்த வருஷம், நானும் அண்ணனும் சேர்ந்து மதுரைக்குப் போய் வாங்கி வந்தோம். அப்பா இல்லை, ஆத்தா இருந்தாள். அண்ணன் மனைவி மதினிக்கும் என் மனைவிக்கும் ஒரே அடுப்பு, எங்களுக்கு ஒரே களம். பெட்டியோடு பத்துப் பிளேட்டு வந்தது. பிறகு மதுரைக்குப் போகிறவர்கள் யாராயிருந்தாலும் அவர்களிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டு வருஷத்தில் பிளேட்டுகள் நெல்லுக் குதிருக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன.

அடுக்கி வைத்தது அண்ணன். தோசையை அடுக்குவதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக. சித்திரை வெயிலில் அடியிலிருந்த நான்கு பிளேட்டுகள் நெளிந்துபோயின. ஊசி அவற்றின்மேல் ஏறி இறங்கும்போது பாடகரின் குரல் கிணற்றுக்குள் விழுந்து எழுந்து வந்தது. அதைக் கேட்டு அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆசாரியை வரவழைத்து, தோதகத்தி மரத்தில் ஓர் அலமாரி செய்யச் சொன்னேன். உள்ளே கண் கண்ணாகத் தடுத்து, ஒரு கண்ணுக்கு ஒரு பிளேட்டு நிமிர்ந்து நிற்கும்படி. அப்புறம் எந்த வரிசையில் வைப்பது என்ற கேள்வி வந்தது. பாடகர் வாரியாக வைத்துப் பார்த்தேன். ஒரே பிளேட்டில் ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் வேறொருவர். ராகவாரியாக வைத்தேன். நாடகப் பாட்டுகள் எதிலும் அடங்கவில்லை. கடைசியில், வந்த தேதிப்படி எண் போடுவது என்று முடிவு செய்தேன். ஒரு பிளேட்டு எந்தப் பாட்டு என்பதில் வழக்கு வரலாம். அது என்றைக்கு நம் வீட்டுக்குள் வந்தது என்பதில் வராது. பசை தடவி வெள்ளைத்தாள் துண்டு ஒட்டி, எண்ணும் தேதியும் எழுதினேன்.

அண்ணன் வந்து பார்த்தார்.

"பாட்டுக்கு எதுக்குலே நம்பரு? தொழுவத்துல நிக்கிற மாட்டுக்கே நான் நம்பரு போடல."

"மாடு நெளியாதுண்ணே."

"கல்யாணப் பாட்ட ஒரு பக்கம் வையி, எழவுப் பாட்ட ஒரு பக்கம் வையி, சாமி பாட்ட நடுவுல வையி. கேக்கிறவுகளுக்கு எடுத்துக் குடுக்கச் சுளுவா இருக்கும்."

கேக்கிறவுகளுக்கு எடுத்துக் கொடுப்பது. அண்ணனுக்கு அதுதான் பிளேட்டின் பயன். சடங்கு, காதுகுத்து, கல்யாணம் என்று எவர் வந்து நின்றாலும் பெட்டியையும் கை நிறையப் பிளேட்டையும் தூக்கிக்கொண்டு தானே போவார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாவி கொடுப்பதில் அவருக்கு ஒரு பெருமை. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று ஊசி டப்பியிலேயே போட்டிருக்கும். அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு ஓர் ஊசி வைத்துக்கொள்வார். திரும்பி வரும் பிளேட்டுகளில் சந்தனமும் எண்ணெய் விரலும் கீறலும் இருக்கும். நான் ஈரத்துணியால் துடைத்து, எண்ணைப் பார்த்து அந்தந்தக் கண்ணில் நிறுத்துவேன். அவர் பார்த்துக்கொண்டே போவார்.

1937 கார்த்திகையில் நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, அந்த நாடக செட்டை வாங்கினேன். ஆறு பிளேட்டு, பன்னிரண்டு பக்கம். மூத்தாள் ஒருத்தி, இளையாள் ஒருத்தி, இடையில் காணாமல்போன ஒரு நகைப்பெட்டி. ஆறாவது பிளேட்டின் கடைசிப் பக்கத்தில் மூத்தாள் தனியாக நின்று பாடுகிற ஒரு பாட்டு உண்டு. வாத்தியம் எல்லாம் நின்றுபோன பிறகும் குரல் மட்டும் ஒரு சொல் நீளத்துக்கு மேலே போகும். அந்த ஒரு சொல்லுக்காகவே பன்னிரண்டு பக்கத்தையும் முதலிலிருந்து கேட்பேன். நடுவிலிருந்து கேட்டால் அது ஏறாது. என் எண்ணின்படி அந்தச் செட்டு 41 முதல் 46 வரை.

இரண்டாவது, கடைக்காரர்கள் கொடுத்த உறைகளைத் தூக்கிப் போட்டேன். சிவப்பு, நீலம், பச்சை என்று பல நிறம். பாதி கிழிந்து, கரப்பான் அரித்தது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பழுப்புத்தாளில் உறை தைத்து, மூலையில் எண் எழுதினேன். அலமாரி அன்றைக்குத்தான் கண்ணுக்கு அலமாரியாகத் தெரிந்தது.

அடுத்த தையில் மதினியின் தம்பிக்குக் கடமலைக்குண்டில் கல்யாணம். எனக்கு அன்று வயலில் தண்ணீர் முறை, போகவில்லை. அண்ணன் பெட்டியையும் பிளேட்டுகளையும் வைக்கோலில் பொதிந்து வண்டியில் கொண்டுபோனார். நடந்ததை ஆத்தா வந்து சொன்னாள்.

முகூர்த்தம் விடியலில். மேளக்காரர்கள் வந்த வண்டி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. நேரம் தவறக்கூடாது என்று பெண் வீட்டார் அடித்துக்கொண்டார்கள். அண்ணன் எழுந்து, "நாகசுர பிளேட்டு இருக்கு, நான் போடுறேன், கட்டுங்க தாலிய" என்று சொல்லியிருக்கிறார். பிளேட்டின் நடுவட்டத்தில் பெயர் பொன்னெழுத்தில் பொடியாக இருக்கும். பந்தல் விளக்கு வெளிச்சத்தில் அது தெரியாது. அண்ணன் அதை என்றுமே படித்ததில்லை. நாகசுரம் சிவப்பு உறை, மேல்முனை கிழிசல்: அவருக்கு அவ்வளவுதான் அடையாளம். அன்று அவர் கையில் இருந்தது எல்லாமே பழுப்பு. எண் இருந்தது. எந்த எண் நாகசுரம் என்று அவர் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. நான் சொல்ல வந்தபோதெல்லாம் "போலே" என்று கையை வீசியிருக்கிறார். ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டார்.

"கெட்டிமேளம் கெட்டிமேளம்னு எல்லாரும் கையாட்டுறாக," என்றாள் ஆத்தா. "மாப்பிள்ள தாலிய கழுத்துக்கிட்ட கொண்டு போயிட்டான். பெட்டிக்குள்ள இருந்து ஒருத்தி, 'என்ன விட்டுட்டுப் போனீகளா'ன்னு மாரடிச்சிக்கிட்டு அழுகுறா. பந்தலே அப்படியே நின்னுபோச்சு. பொண்ணோட அத்தக்காரி மயங்கி விழுந்துட்டா."

"அண்ணன் என்ன செஞ்சாரு?"

"ஊசியத் தூக்கத் தோணாம கையால பிளேட்ட அமுக்குனான். அது அழுகைய இழுத்துக்கிட்டே நின்னுச்சு. அதுக்கு அழுகையே தேவல."

ஆத்தா சொல்லி முடிக்கும் முன்பே அண்ணன் உள்ளே வந்தார். தோளில் இருந்த துண்டைக்கூட எடுக்கவில்லை.

"எம் மாமனாரு மூஞ்சில நான் எப்படிலே முழிப்பேன்? சிவப்புத் தாளக் கிழிச்சுப் போட்டது யாரு?"

"நம்பரு எழுதியிருந்துச்சுண்ணே."

"நம்பரு! தாலிக்கு நம்பரு பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"பிளேட்டுக்குப் பாக்கலாம்."

"எம் மச்சினனுக்கு ஏதாச்சும் ஆகட்டும், ஒன் அலமாரிய வெறகாக்குறேன்."

அவருடைய மச்சினனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் விசாரித்து வைத்திருக்கிறேன். மூன்று பிள்ளைகள், மானாவாரிக் காட்டில் நல்ல விளைச்சல், தொப்பையும் விழுந்திருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து மதினி எனக்குச் சோறு போடும்போது தட்டை வைக்கும் சத்தம் மாறியது. வருஷம் திரும்புவதற்குள் ஒரே அடுப்பு வேண்டாம் என்று அண்ணன் ஊர்ப்பெரியவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூத்தவன் கூறு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். கூறு வைத்தவனுக்கு மிச்சம் என்பதால் அவன் வஞ்சகம் செய்யமாட்டான் என்று நம்பிக்கை. நிலம், மாடு, பாத்திரம் எல்லாம் அப்படியே பிரிந்தன. பெட்டி அவருக்கு, அலமாரி எனக்கு. கடைசியில் பிளேட்டுகள். அண்ணன் முன்னால் உட்கார்ந்து, அவர் வாழ்நாளில் முதல்முறையாக என் எண்களைப் படித்தார். ஒன்று இந்தப் பக்கம். இரண்டு அந்தப் பக்கம். மூன்று இந்தப் பக்கம். ஒன்றையும் மாற்றி வைக்கவில்லை.

நான் பெரியவர்களிடம் சொன்னேன்: "நாப்பத்தொண்ணுல இருந்து நாப்பத்தாறு வரைக்கும் ஒரே நாடகம். பிரிச்சா யாருக்கும் ஆகாது. எனக்கு அது போதும், அதுக்குப் பதிலா வேற எத்தன வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும்."

நடுவில் இருந்த பெரியவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஜோடி வெண்கலப்பானைய ஆளுக்கு ஒண்ணாக் குடுத்தோம், நீ ஒண்ணும் சொல்லல. ஜோடிக் காளையப் பிரிச்சோம். பாட்டுக்கு மட்டும் என்னப்பா தனி நாயம்?" என்றார்.

"ஒத்தக் காளை உழுகாதுன்னா இன்னொன்னு வாங்கிக்கிடலாம். இது அப்படியில்ல."

"நம்பரு போட்டது அவந்தான்," என்றார் அண்ணன், என்னைப் பார்க்காமல். "அவன் நம்பருப்படியே கூறு வெச்சிருக்கேன். எடுக்கச் சொல்லுங்க."

நான் ஒற்றைப்படையை எடுத்தேன். தொடக்கமாவது என்னிடம் இருக்கட்டும் என்று தோன்றியது. அண்ணன் துண்டை உதறி எழுந்து, "தொடக்கம் ஒனக்கு, முடிவு எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். யோசித்து வைத்திருந்து சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டின் நடுவே சுவர் எழுந்தது. ஆத்தாவும் பிரிந்தாள்: ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. நான் மதுரையில் பழைய பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டேன். அலமாரியில் இரட்டைப்படைக் கண்களைக் காலியாகவே வைத்தேன். நெருக்கி அடுக்கினால் அண்ணன் செய்த பிரிவினையை நானே ஒப்புக்கொண்டதாகும். என் மனைவி அந்தக் கண்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல் பிள்ளைகளின் சிலேட்டுகளைச் சொருகினாள். 46இல் இருந்த சிலேட்டை நான் ஒவ்வொரு நாளும் எடுத்து வெளியே வைப்பேன். அவள் ஒவ்வொரு நாளும் திரும்ப வைப்பாள்.

பிறகு ஒரு சாயங்காலம் 41ஐப் போட்டேன். இரண்டு பக்கமும் முடிந்து ஊசியை எடுத்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து 42 கேட்டது. அண்ணனுக்கு அந்த நாடகத்தில் அக்கறை கிடையாது. என்னிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்று எனக்குக் காட்டுவதுதான் வேலை. விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லை, 43ஐப் போட்டேன். அவர் 44. நான் 45ஐப் போட்டு முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் 46ஐப் போடவில்லை. எனக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இது வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கத் தொடங்கியது. எதிர்வீட்டு ராவுத்தர் ஜவுளி வியாபாரி. கடையைக் கட்டிவிட்டு வந்ததும் வாசலில் கட்டிலைப் போட்டுக்கொள்வார். ஒருநாள் பெட்டி சாவி மக்கர் செய்ததில் எனக்குத் தாமதமாகிவிட்டது. அவர் தெருவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தம்பி, மூணாவதப் போடுங்க. அண்ணன் ரெண்டாவத முடிச்சிட்டாக."

வெளியே வந்து பார்த்தேன். தெருவில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வறுகடலை விற்கிறவன்கூட வந்திருந்தான்.

"என்ன பாய் இது?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிடாம இருக்கிறவரைக்கும் எங்களுக்கு ஓசி நாடகம். சேந்துறாதீக தம்பி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தக் கடைசிய மட்டும் போடச் சொல்லுங்க. நகைப்பெட்டி யாருகிட்ட இருக்குன்னு தெரியாம எங்க வீட்ல தூங்க மாட்டேங்கிறாக."

உள்ளே போய்ப் பெட்டியை மூடினேன். அதற்குப் பிறகு தெருவுக்குக் கேட்கும்படி நான் அந்த நாடகத்தைப் போட்டதில்லை.

46ஐ எனக்குக் கொடுக்கச் சொல்லி ஆத்தாவிடம் சொல்லி அனுப்பினேன். அவள் மாதம் மாறி அந்தப் பக்கம் போகிற அன்று. பதிலுக்கு என் சாமி பாட்டுகள் அத்தனையும் தருவதாகச் சொன்னேன்.

"நான் என்ன தபால்காரியாலே?" என்றாள். போய்ச் சொன்னாள். அடுத்த மாதம் திரும்பி வரும்போது பதிலோடு வந்தாள்.

"கடமலக்குண்டுக்கு வந்து எம் மாமனாரு முன்னால நின்னு, தப்பு எம்மேலதான்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அன்னைக்கே பிளேட்டு அவன் வீட்ல இருக்கும்னான்."

"தப்பு எம்மேல இல்லையே ஆத்தா."

"ஒரு வார்த்தலே. வாய் வலிக்குமா?"

"உறையக் கிழிச்சதுதான் நான். பாக்காமப் போட்டது அவரு."

"அப்ப அந்தப் பிளேட்டு ஒனக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு அது வேண்டும். அதனால்தான் மதுரைக்கு எழுதினேன். வந்த பதில்தான் மேலே கண்ட கார்டு. கார்டு வந்த பிறகும் நான் கடமலைக்குண்டுக்குப் போகவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் போகமாட்டேன்.

அந்த மார்கழியில் ஆத்தா இந்தப் பக்கம் வந்த அன்று, கேட்காமலே சொன்னாள்: "அது ஒடஞ்சு போச்சுலே. மாமனாரு ஊருக்குக் கொண்டு போகயில வண்டியிலயே ரெண்டாப் போச்சாம்."

"துண்டப் பாத்தியா?"

"நான் எங்கன பாக்க? பொட்டலத்த வண்டியில வெச்சதப் பாத்தேன். பழுப்புத்தாளு. திரும்பி வந்தப்ப பொட்டலம் இல்ல. ஒடஞ்சதுன்னு பெரியவன் சொன்னான்."

உடைந்த பிளேட்டை எங்கள் ஊரில் யாரும் தூக்கிப் போட்டதில்லை. துண்டை எதற்காவது வைத்துக்கொள்வார்கள். மதினிக்கு விளக்குமாற்றுக் குச்சியைக்கூட எறிய மனம் வராது. எனவே நான் நம்பவில்லை.

1943இல், ஏலக்காய் வாங்க மலைக்குப் போய்வந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் கிராமபோன் வைத்திருக்கிறார்கள், அங்கே ஒரு பெண் குரல் கேட்டது, வாத்தியம் நின்ற பிறகும் தனியாக மேலே போனது. பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். அவருக்குப் பாட வரவில்லை. உறையின் நிறம் கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். அதன் முந்தைய பிளேட்டுகளும் இருந்தனவா என்று கேட்டேன். "இல்ல, அது ஒண்ணத்தான் திரும்பத் திரும்பப் போட்டாக" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

கடை பூட்டியிருந்தது. பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பெட்டி இருந்தது, அதன்மேல் பழந்துணி போர்த்தியிருந்தது. பிளேட்டு எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்தில் வாழைக்குலை விற்ற மலையாளத்துக்காரரிடம் கடைக்காரர் எங்கே என்று கேட்டேன்.

"நாட்டுக்குப் போயி."

"எப்ப வருவாரு?"

"அறியில்லா," என்று கையை விரித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாயா வேணுமெங்கில் அங்கன ஒரு கடை உண்டு."

கால்வாயில் பெரியாற்றுத் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை நின்றேன். திரும்பவும் இரண்டு மாதம் கழித்துப் போனபோது கடை கைமாறியிருந்தது. புதியவரிடம் கிராமபோன் இல்லை. பழையவர் பெட்டியையும் பிளேட்டுகளையும் தன்னோடு எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்பது ஒருவருக்குத் தெரியும். அவர் இப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இதை எழுதும்போது அவர் இருமுவது எனக்குக் கேட்கிறது. ஒரே ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும். அவர் எதிர்க்கேள்வியாக எதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் கேட்கப் போவதில்லை. ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி நடுவில் போய்வர யாரும் இல்லை.

பிளேட்டுகளின் கணக்கு நோட்டில் 46க்கு எதிரே நான் எழுதி வைத்திருப்பது வருமாறு: "1941 மார்கழியில் கடமலைக்குண்டுக்குப் போகும் வழியில் உடைந்தது என்பது அண்ணன் கூற்று, துண்டுகளைக் கண்டவர் இல்லை. 1943இல் லோயர் கேம்ப் டீக்கடையில் ஒலித்தது என்பது வழிப்போக்கர் ஒருவர் கூற்று. பிளேட்டைக் கண்டவர் இல்லை. இரண்டும் சரிபார்க்கப்படவில்லை."